'எனக்கு' என்றால் 'இங்' கிடையாது!

அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் காலையில் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தபடியே ஆங்கில இலக்கணம் படிக்கலாம். புஸ்தகம் வேண்டாம். கம்பெனி கேட்டுகளைப் பார்த்துக்கொண்டே வந்தால் போதும். அங்கங்கே ஒரு அட்டை தொங்கும். 'வான்டட் - டர்னர், ஃபிட்டர், வெல்டர், ஹெல்பர்.'

இந்த 'வான்டட்' என்பது என்ன வகைச் சொல்?

வினைச்சொல், இறந்தகாலம் என்று சொல்கிறவர்கள் கை தூக்கலாம். எங்கள் தெருவில் ஒரு பையன் அப்படித்தான் சொன்னான். "வான்ட் - பிரசன்ட் டென்ஸ். வான்டட் - பாஸ்ட் டென்ஸ். அதாவது சார், போன வாரம் தேவைப்பட்டுது, இப்ப தேவையில்லைன்னு அர்த்தம்." சிரிக்காமல் சொன்னான். அவன் அனுபவத்தில் அது சரியாகக்கூட இருக்கலாம். அவன் போய் நின்ற கேட்டில் எல்லாம் செக்யூரிட்டி அதையேதான் சொல்லியிருக்கிறார்: "அது போன வாரம் எழுதினதுப்பா, ஆள் எடுத்தாச்சு."

இலக்கணப்படி பையனுக்கு மார்க் கிடையாது. அது பாஸ்ட் பார்ட்டிசிப்பிள். 'ஆர்' என்கிற சின்ன வார்த்தையை இடம் போதாமல் விழுங்கிவிட்டார்கள். 'டர்னர்கள் தேவைப்படுகிறார்கள்' என்பதுதான் முழு வாக்கியம். யாருக்குத் தேவை என்பதையும் சேர்த்தே விழுங்கிவிட்டார்கள். அதைப் பிறகு பார்ப்போம்.

அதே அட்டையில் சில பேர் தமிழிலும் எழுதுவார்கள்: 'ஆட்கள் தேவை'. இதில் வினைச்சொல் எங்கே? தேடினாலும் கிடைக்காது. 'தேவை' பெயர்ச்சொல். தமிழில் பெயர்ச்சொல்லே பயனிலையாக உட்கார்ந்துகொண்டு வாக்கியத்தை முடித்து வைத்துவிடும். 'அவர் டாக்டர்.' 'இது என் வீடு.' 'அவனுக்குக் கல்யாணம்.' எதிலும் வினைச்சொல் இல்லை, யாரும் தேடுவதும் இல்லை. பெயர்ப்பயனிலை என்று எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ ஒரு மார்க்குக்குப் படித்திருப்பீர்கள். இங்கிலீஷ்காரனுக்கு இது புரியவே புரியாது. அவனுக்கு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு வினைச்சொல் வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் 'இஸ்' என்று ஒரு தற்காலிக ஊழியரையாவது கொண்டுவந்து உட்கார வைப்பான். நம் ஆள் அவசரத்தில் 'ஹி டாக்டர் சார்' என்று சொல்வது அறிவுக் குறைவால் இல்லை. தமிழ் வாக்கியத்துக்குப் பேன்ட் சட்டை மாட்டி அனுப்பியிருக்கிறான், அவ்வளவுதான்.

*

மேற்படி பையன் டிப்ளமோ மெக்கானிக்கல். வீடு ஆவடி. ஒரு நாள் சாயங்காலம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். இன்டர்வியூவில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்களாம். (கம்பெனி பெயர் வேண்டாம். நாளைக்கு அவனே அங்கே சேரலாம்.) லேத் பற்றிக் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறான். டிராயிங்கைக் காட்டி டாலரன்ஸ் கேட்டார்கள், சொல்லியிருக்கிறான். கடைசியில் "டெல் மி அபவுட் யுவர்செல்ஃப்" என்றார்களாம்.

"ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ். ஐ ஆம் ஹேவிங் டூ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்."

ஒருத்தர் இன்னொருத்தரைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். "ஹேவிங் டூ பிரதர்ஸா? ஃபார் பிரேக்ஃபாஸ்ட் ஆர் லஞ்ச்?" என்று கேட்டிருக்கிறார்.

"எனக்கு ஜோக் புரியலை சார். ஆனா நான்தான் ஜோக்குன்னு புரிஞ்சுது" என்றான்.

அவர் சிரித்ததில் எனக்குக் கொஞ்சம் கோபம்தான். மைக்ரோமீட்டரைச் சரியாகப் படிக்கிறவனுக்கு 'இங்' ஒன்று அதிகமானதால் என்ன நஷ்டம்? ஆனால் கோபப்பட்டால் பையனுக்கு வேலை கிடைக்காது. அதனால் திண்ணையில் உட்கார வைத்து, வீட்டில் இருந்த பழைய ரென் அண்ட் மார்ட்டினைத் தூசி தட்டி எடுத்தேன். சிவப்பு அட்டை. (இந்த பி.சி.ரென் சாதாரண ஆள் இல்லை. பாலைவனப் பட்டாளத்தை வைத்து 1924-ல் 'போ ஜெஸ்ட்' என்று ஒரு சாகச நாவல் எழுதி ஓகோ என்று விற்றவர். அதே கையால்தான் நம்மைப் பாடாய்ப் படுத்தும் பயிற்சிகளையும் எழுதினார்.)

புத்தகம் சொல்கிறது: சில வினைச்சொற்கள் நிலையைக் குறிப்பவை, செயலைக் குறிப்பவை அல்ல. அவற்றைத் தொடர்நிலையில் எழுதக்கூடாது. நோ, லைக், வான்ட், அண்டர்ஸ்டாண்ட், ரிமெம்பர், ஹேவ், ஓன், பிலாங், ஹியர், ஸீ... என்று ஒரு பட்டியல். பையன் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இதை மனப்பாடம் பண்றதுக்கு இன்னொரு டிப்ளமோ படிக்கலாம் சார்" என்றான்.

எனக்கும் அந்தப் பட்டியல் என்றைக்கும் மனசில் நின்றதில்லை. சரி, தமிழில் சொல்லிப் பார்ப்போம் என்று ஆரம்பித்தோம்.

"ஐ நோ - தமிழ்ல?"

"எனக்குத் தெரியும்."

"ஐ லைக்?"

"எனக்குப் பிடிக்கும்."

"ஐ வான்ட்?"

"எனக்கு வேணும்."

"ஐ அண்டர்ஸ்டாண்ட்?"

"எனக்குப் புரியுது."

"ஐ ரிமெம்பர்?"

"எனக்கு ஞாபகம் இருக்கு."

"ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்?"

"எனக்கு ரெண்டு தம்பி இரு..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திவிட்டான். நானும் நிறுத்திவிட்டேன். இரண்டு பேருமே ஒரே நேரத்தில் கவனித்தோம். பட்டியலில் பாதிக்கு மேல் தமிழில் 'நான்' இல்லை. 'எனக்கு'!

தமிழன் 'நான் தெரிகிறேன்' என்று சொன்னால் அவன் கண்ணுக்குத் தட்டுப்படுகிறான் என்று அர்த்தம். விஷயம் தெரியவேண்டும் என்றால் 'எனக்கு'த்தான் தெரிய வேண்டும். நான் செய்கிற காரியங்களுக்கு 'நான்'. எனக்குள் தானாக நிகழ்வதற்கு, என்னிடம் சும்மா இருப்பதற்கு 'எனக்கு'. இங்கிலீஷ் இந்த இரண்டுக்கும் ஒரே 'ஐ' போட்டுவிட்டு, வித்தியாசத்தை வினைச்சொல்லின் வாலில் காட்டுகிறது. 'நான்' வருகிற இடத்தில் 'இங்' போடலாம். 'எனக்கு' வருகிற இடத்தில் 'இங்' கிடையாது.

செல்போனில் தினமும் நாம் கத்துகிற விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். "ஐ ஆம் நாட் ஹியரிங் யூ!" தமிழில் என்ன? 'எனக்குக் கேட்கலை.' எனக்கு! ஆகவே 'இங்' போடாமல், "ஐ கான்ட் ஹியர் யூ." சிக்னல் வந்த பிறகு, 'சொல்லுங்க, நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்' என்கிறோம். நான்! "ஐ ஆம் லிஸனிங்." தாராளமாக 'இங்' போடலாம். ஹியர், லிஸன் இரண்டுக்கும் வித்தியாசம் எழுதச் சொல்லி ஸ்கூலில் கேட்பார்களே, அது முழுசும் இந்த 'எனக்குக் கேட்குது', 'நான் கேட்கிறேன்' என்பதற்குள் இருக்கிறது. 'எனக்குத் தெரியுது' என்றால் ஸீ, 'நான் பார்க்கிறேன்' என்றால் லுக்.

அந்த இன்டர்வியூ அதிகாரியின் ஜோக்கும் இப்போது விளங்கிவிடும். 'ஹேவிங்' என்ற வார்த்தையே தப்பில்லை. 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' சரியான இங்கிலீஷ், ஏனென்றால் அது 'நான் சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்'. தம்பிகளை 'ஹேவிங்' என்றதும் அவருக்குத் தட்டும் கரண்டியும் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. கூடப் பிறந்தவர்கள் 'எனக்கு' இருக்கிறார்கள். ஐ ஹேவ்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 'ஹேவ்' என்பதற்கு நேரான சாதாரண வினைச்சொல்லே தமிழில் கிடையாது. 'உடையேன்' என்று எழுதலாம். பஸ்ஸில் கண்டக்டரிடம் 'நான் சில்லறை உடையேன்' என்று சொல்லிப் பாருங்கள். 'எங்கிட்ட சில்லறை இருக்கு' என்பதுதான் நம் வழக்கம். இருப்பது சில்லறை, நான் சும்மா பக்கத்தில் நிற்கிறேன். இந்த 'இருக்கு'தான் மூளைக்குள் புகுந்து 'ஹேவிங்' ஆகிவிடுகிறது. காரணம், தமிழில் '-கிறு-' என்கிற இடைநிலை இரண்டு வேலை பார்க்கிறது. 'நான் தினமும் ஆவடியிலிருந்து வருகிறேன்' என்பதும், 'இதோ வருகிறேன்' என்பதும் அதே 'வருகிறேன்'தான். நன்னூலில் பவணந்தி முனிவர் நிகழ்காலத்துக்குக் கிறு, கின்று, ஆநின்று என்று மூன்று கொடுத்திருக்கிறார். ஆனால் 'இப்போது மட்டும் நடப்பது', 'எப்போதும் நடப்பது' என்று தனித்தனி ரேஷன் கார்டு போடவில்லை. இங்கிலீஷில் அந்தப் பிரிவு கறாராக உண்டு. நமக்கு அது பழக்கமில்லாததால், எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றுக்கும் 'இங்' போட்டுவிடுகிறோம்.

பையன் புத்திசாலி. சும்மா விடவில்லை.

"சார், எனக்கு வேர்க்குதுன்னா? ஐ ஸ்வெட்டா?"

மாட்டிக்கொண்டேன். அங்கே 'ஐ ஆம் ஸ்வெட்டிங்'தான். இருமல் வந்தாலும் 'காஃபிங்'. ஆக, உடம்பு பண்ணுகிற சேஷ்டைகளுக்கு நம் விதி செல்லாது. பசித்தால் 'ஐ ஆம் ஹங்ரி'. தமிழில் வினைச்சொல்லாக இருந்த பசி, அங்கே போனதும் அட்ஜெக்டிவ் ஆகிவிட்டது. இன்னொரு பக்கம், 'நான் நம்பறேன்' என்பதில் 'நான்' இருந்தும் 'ஐ பிலீவ்'தான், 'பிலீவிங்' இல்லை. ஓட்டை இல்லாத விதி இல்லை. இருந்தாலும் இருபது வார்த்தையை மனப்பாடம் செய்வதற்கு, இரண்டு மூன்று விலக்கை ஞாபகம் வைத்துக்கொள்வது மேல்.

"அந்த பர்கர் கடைல 'ஐ ஆம் லவின் இட்'னு போட்டிருக்கானே சார்?"

2003-லிருந்து மெக்டொனால்ட்ஸ் உலகம் பூராவும் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறது. எனக்குப் பிடிச்சிருக்கு - அப்படியென்றால் 'ஐ லவ் இட்'தான் வரவேண்டும். "தம்பி, அவனை யாரும் இன்டர்வியூ எடுக்கலை. உன்னை எடுக்கறாங்க" என்றேன்.

*

பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச் எட்டு என்று நமக்கு அடித்துச் சொல்லிக் கொடுத்தார்களே, அந்த எட்டு எப்படி வந்தது தெரியுமா? கிமு இரண்டாம் நூற்றாண்டில் டயனீசியஸ் த்ராக்ஸ் என்கிறவர் பேரில் வந்த கிரேக்க இலக்கணத்தில் எட்டு வகை. அதில் ஒன்று ஆர்ட்டிகிள். பின்னால் ரோமாபுரிக்காரர்கள் லத்தீனுக்கு இலக்கணம் எழுத உட்கார்ந்தபோது ஒரு சங்கடம். லத்தீனில் ஆர்ட்டிகிளே கிடையாது. ஏழுதான் வருகிறது. எட்டு என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்களே, எப்படிக் குறைப்பது? 'ஐயோ, ஆகா' போன்ற வார்த்தைகளைப் பிரித்தெடுத்து இன்டர்ஜெக்ஷன் என்று பெயர் வைத்து, எட்டை நிரப்பிவிட்டார்கள். நம் ஆபீஸ்களில் சாங்ஷன் ஆன போஸ்டை விடக்கூடாது என்று ஆள் போடுகிற மாதிரி! அட்ஜெக்டிவ் என்பது அப்போது தனி வகையாகவே இல்லை, பெயர்ச்சொல்லோடு ஒண்டிக் குடித்தனம் இருந்தது. தனி வீடு பிடித்துப் போனதெல்லாம் வெகு காலம் கழித்து.

தொல்காப்பியத்தில் நாலுதான். பெயர், வினை, இரண்டும் முக்கியம். இடையும் உரியும் அவற்றைச் சார்ந்து வருபவை. தமிழில் சொல்லின் முகத்தைப் பார்த்தாலே அநேகமாக ஜாதகம் தெரிந்துவிடும். 'ஓடினான்' பெயர்ச்சொல்லாக இருக்க முடியாது. 'ஓட்டம்' வினையாக முடியாது. இங்கிலீஷில் அந்த வசதி இல்லை. 'ரன்' என்றால் கோலி எடுப்பதும் ரன், பஸ்ஸைப் பிடிக்க நாம் ஓடுவதும் ரன். வார்த்தையைப் பார்த்து வகை சொல்ல முடியாது, எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். 'தி' என்ற வார்த்தைக்குப் பின்னால் உட்கார்ந்தால் பெயர். 'டு' என்பதற்குப் பின்னாலோ, 'கேன்', 'வில்' பின்னாலோ உட்கார்ந்தால் வினை. பேங்க் பரீட்சைக்குத் தயார் செய்கிறவர்கள் இந்த நாற்காலிகளைக் கவனித்தாலே பாதிக் கேள்வியைச் சமாளிக்கலாம்.

பூந்தமல்லி ரோட்டில் மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருந்த வருஷங்களில் போனவர்கள் எத்தனை போர்டு பார்த்திருப்பீர்கள்! சாலை வேலை நடக்கிற இடத்தில் வைக்கிற போர்டைப் பற்றி உலகம் பூராவும் ஒரு பழைய ஜோக் உண்டு. மேல் வரியில் 'ஸ்லோ'. கீழ் வரியில் 'மென் அட் ஒர்க்'. தனித்தனியாகப் படித்தால் 'ஸ்லோ' வினைச்சொல்: மெதுவாகப் போ. சேர்த்துப் படித்தால் அட்ஜெக்டிவ்: மந்தமான ஆட்கள் வேலை செய்கிறார்கள். இரண்டாவது அர்த்தம்தான் சரி என்று அந்த ரோட்டில் போனவர்கள் சத்தியம் செய்வார்கள்.

அட்ஜெக்டிவ் என்றதும் ஆவடிக்கு ஒரு பெருமை சொல்லாமல் இருக்க முடியாது. 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடியது. தலைவர் யு.என்.தேபர். 'சோஷலிஸ்டிக் பேட்டர்ன் ஆஃப் சொசைட்டி' என்று தீர்மானம். 'சோஷலிஸ்ட்' என்று சொல்லவில்லை, கவனியுங்கள். 'இக்' என்று ஒரு வால். சோஷலிசம் என்றும் சொல்லலாம், சோஷலிசச் சாயல் என்றும் சொல்லலாம். தொழிலாளியும் கை தட்டலாம், முதலாளியும் மூர்ச்சையாகாமல் இருக்கலாம். அடுத்த வருஷம் வந்த இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தில் வால் உதிர்ந்து 'சோஷலிஸ்ட் பேட்டர்ன்' ஆயிற்று. 1976-ல் 42-வது திருத்தத்தில் அரசியல் சட்டத்தின் முகப்பிலேயே 'சோஷலிஸ்ட்' ஏறிக்கொண்டது. ஒரு அட்ஜெக்டிவின் வால் இவ்வளவு வேலை பார்த்த ஊர் வேறு எது?

*

எஸ்டேட்டில் மெயின்டனன்ஸ் எலெக்ட்ரீஷியனாக இருந்து ரிடையர் ஆன நண்பர் ஒருத்தர் சொன்னது. (இதிலும் கம்பெனி பெயர் வேண்டாம்.) ஷிஃப்ட் முடிந்து கிளம்பும் அவசரத்தில், அடுத்த ஷிஃப்ட்காரருக்காக சிலேட்டில் ஒரு மெஷின் நம்பரைப் போட்டு 'மெயின் ஆஃப்' என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அவர் மனசில் அது கட்டளை: வேலை ஆரம்பிக்கும் முன் மெயினை ஆஃப் செய். வந்தவர் படித்ததோ தகவல்: மெயின் ஆஃபில் இருக்கிறது. பேனலைத் திறந்துவிட்டார். பழக்க தோஷத்தில் டெஸ்டரை வைத்துப் பார்த்திருக்கிறார். பளிச்சென்று எரிந்தது.

"அன்னிக்கு டெஸ்டர் அந்த ஆளோட சட்டைப் பையில இருந்துது. அதனால இன்னிக்கு நான் இதைக் கதையா சொல்றேன்" என்றார் நண்பர். அதற்குப் பிறகு ரிடையர் ஆகிற வரைக்கும் சிலேட்டில் 'ஆஃப் பண்ணு' அல்லது 'ஆஃப் பண்ணியாச்சு' என்று முழுசாகத்தான் எழுதினாராம்.

இதே ரகக் குழப்பம் இன்னும் பெரிதாக ஆன இடம் ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவு. 1977 மார்ச் 27. விமான நிலையத்தில் மூடுபனி. ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் - ஒன்று கே.எல்.எம்., இன்னொன்று பான் ஆம். கே.எல்.எம். விமானத்திலிருந்து ரேடியோவில் ஒரு வாக்கியம் வந்தது: "வீ ஆர் நவ் அட் டேக்-ஆஃப்." கன்ட்ரோல் டவரில் இருந்தவர், 'புறப்படும் இடத்தில் தயாராக நிற்கிறோம்' என்று எடுத்துக்கொண்டார். விமானமோ அந்த நிமிஷம் ஓட ஆரம்பித்துவிட்டிருந்தது. காத்திருக்கச் சொல்லி அவர் கொடுத்த பதிலும், பான் ஆம் விமானம் 'நாங்கள் இன்னும் பாதையில்தான் இருக்கிறோம்' என்று சொன்னதும் ஒரே சமயத்தில் மோதி, ரேடியோவில் கீச்சென்ற சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. இரண்டு விமானமும் மோதியதில் 583 பேர் போய்விட்டார்கள்.

காரணங்கள் பல. பனி, அவசரம், ரேடியோ, எல்லாம் சேர்ந்தது. ஆனால் அந்த 'அட்' பற்றி மொழியியல்காரர்கள் சிலர் சொல்லும் விளக்கம் நம் கதைக்கு ரொம்பப் பக்கத்தில் வருகிறது. பேசியவரின் தாய்மொழி டச்சு. அந்த மொழியில் ஒரு செயல் நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்ல, வினைக்கு முன்னால் இங்கிலீஷ் 'அட்' மாதிரி ஒரு சொல்லைப் போடுவார்கள். 'டேக்-ஆஃப் செய்துகொண்டிருக்கிறோம்' என்று அவர் மனசு டச்சு இலக்கணத்தில் நினைத்தது, வாய் இங்கிலீஷ் வார்த்தைகளைப் போட்டது. அவருக்கு அது வினை. டவருக்கு அது பெயர், ஒரு இடத்தின் பெயர். 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்று நம் பையனுக்கு நேர்ந்ததும் இதுவேதான். இவனைப் பார்த்து ஒருத்தர் சிரித்ததோடு முடிந்தது.

அதற்குப் பிறகு விமானப் போக்குவரத்தில் 'டேக்-ஆஃப்' என்ற வார்த்தையை, புறப்பட அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே சொல்லலாம் என்று வைத்தார்கள். மற்ற சமயமெல்லாம் 'டிபார்ச்சர்'.

விமானத்தை ரிப்பேர் பண்ணுகிறவர்களுக்கான புத்தகங்களில் இதைவிடக் கறார். ஐரோப்பிய விமானத் தயாரிப்பாளர்கள் கூடி 1986-ல் எளிய ஆங்கிலம் என்று ஒரு விதித்தொகுப்பு வெளியிட்டார்கள். இப்போது அதற்கு ஏ.எஸ்.டி. - எஸ்.டி.இ. 100 என்று நீளமான பெயர். உலகம் முழுக்க இங்கிலீஷ் தாய்மொழி இல்லாத மெக்கானிக்குகள்தான் அதிகம், அவர்கள் தப்பாகப் படித்துவிடக்கூடாது என்பதற்காக. அதில் ஒரு வார்த்தைக்கு அநேகமாக ஒரே ஒரு அர்த்தம், ஒரே ஒரு இலக்கண வகை. 'ஆயில்' என்றால் எண்ணெய், பெயர்ச்சொல் மட்டும். எண்ணெய் போடு என்பதற்கு அதை வினையாக்கக் கூடாது. 'டெஸ்ட்' என்பதும் பெயர்ச்சொல் மட்டும். 'டெஸ்ட் தி சிஸ்டம்' என்று எழுதினால் தப்பு. 'டூ எ டெஸ்ட்' என்றுதான் எழுத வேண்டும்.

டூ எ டெஸ்ட். தமிழில் சொல்லுங்கள் பார்க்கலாம்.

டெஸ்ட் பண்ணு!

அம்பத்தூரில் எந்த ஹெல்பரைக் கேட்டாலும் இதைத்தானே சொல்வார்? இங்கிலீஷ் வார்த்தை எதுவாக இருந்தாலும் அதைப் பெயர்ச்சொல்லாக மட்டும் உள்ளே விட்டு, வினை வேலைக்கு 'பண்ணு' என்று சொந்த ஆளை வைத்துக்கொண்டோம். டைட் பண்ணு, செக் பண்ணு, அட்ஜஸ்ட் பண்ணு, ஆஃப் பண்ணு. காலம், இடம், மரியாதை எல்லாம் 'பண்ணு' பார்த்துக்கொள்ளும்: பண்ணியாச்சு, பண்ணிட்டிருக்கேன், பண்ணாதீங்க. தமிங்கிலீஷ் என்று நாம் தலையில் அடித்துக்கொள்கிற சமாசாரத்தில், விமானக் கம்பெனிகள் கமிட்டி போட்டுக் கண்டுபிடித்த பாதுகாப்பு ஏற்கெனவே இருந்திருக்கிறது. எலெக்ட்ரீஷியன் நண்பரைக் காப்பாற்றிய இலக்கணமும் இந்தப் 'பண்ணு'தான்.

*

பையன் இரண்டாவது இன்டர்வியூவுக்குப் போனான், வேறு கம்பெனி. போகிற அன்றைக்குக் காலையில் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் வாசலில் நின்று, "சார், ரெண்டு வருஷமா வேலை செய்யறேன் - இதுக்கு?" என்று கேட்டான். "நம்ம ஊர்ல 'செய்யறேன்' போதும். அங்க, அன்னிக்கு ஆரம்பிச்சு இன்னும் முடியலைன்னா 'ஹேவ் பீன் வொர்க்கிங்'. 'ஃபார் டூ இயர்ஸ்'. 'சின்ஸ்' வேண்டாம், அது தேதிக்கு" என்றேன். "தினமும் எட்டு மணிக்கு வருவேன்னு சொல்லணும்னா?" "வில் போடாதே. தமிழ்ல 'வருவேன்' எதிர்காலம் மாதிரி இருக்கும், ஆனா பழக்கத்தைச் சொல்றே. ஐ கம் அட் எயிட்." தலையை ஆட்டிக்கொண்டே ஓடினான். அவங்கம்மா வாசலில் நின்று அவன் தெரு முனை திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. "இங் ஒண்ணுகூட தப்பா போடலை சார். எனக்குன்னு மனசுல சொல்லிட்டுத்தான் வாயைத் திறந்தேன்." நாலு நாள் கழித்து இன்னொன்று. கம்பெனி அனுப்பிய மெயிலை அப்படியே படம் எடுத்து அனுப்பியிருந்தான்.

'செலக்டட். ஜாயினிங் டேட் வில் பி இன்டிமேட்டட்.'

கீழே, "வான்டட் மாதிரியே செலக்டட்! பாஸ்ட் பார்ட்டிசிப்பிள் கரெக்டா சார்?" என்று ஒரு சிரிக்கிற பொம்மை.

நூற்றுக்கு நூறு கரெக்ட். அடுத்த வாக்கியம்தான் எனக்கு உதைத்தது. 'தேதி தெரிவிக்கப்படும்.' யாரால் தெரிவிக்கப்படும்? எப்போது? பாஸிவ் வாய்ஸில் இது ஒரு வசதி. செய்கிறவன் பெயரே இல்லாமல் வாக்கியத்தை முடித்துவிடலாம், இலக்கணத்தில் யாரும் குற்றம் சொல்ல முடியாது. பையனிடம் இதைச் சொல்லவில்லை.

மூன்று வாரம் ஆயிற்று. நேற்றுக்கூடத் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இதற்கு 'இங்' போடலாம்.